முதல் கிடார்: நைலானா, ஸ்டீலா, எலெக்ட்ரிக்கா?

என் முதல் கிடாரை 2,200 ரூபாய்க்கு வாங்கினேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. நடுவில் மஞ்சளும் ஓரத்தில் கருஞ்சிவப்புமாகப் பளபளத்த உடம்பு. அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். கடையில் வாசித்துப் பார்க்கவில்லை. வாசிக்கத் தெரிந்தால்தானே! வீட்டுக்கு வந்து சி, ஜி, ஏ மைனர் என்று மூன்று கார்டு, அதாவது சில கம்பிகளைச் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் ஸ்வரக்கூட்டு, பழகினேன். விரல் நுனியெல்லாம் கோடு கோடாகப் பதிந்து எரிந்தது. எஃப் கார்டு வரவே இல்லை. ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து ஆறு கம்பியையும் ஒன்றாக அழுத்த வேண்டிய கார்டு அது. நான் அழுத்தினால் கட்டையைத் தட்டுகிற மாதிரி 'டப் டப்' என்ற சத்தம்தான் வந்தது. எட்டு மாதத்தில் கிடார் பரணுக்குப் போனது. அப்புறம் ஆண்டுக்கு ஒரு தடவை, சரஸ்வதி பூஜையன்று இறங்கும். அம்மா சந்தனமும் குங்குமமும் வைப்பார். மறுநாள் மறுபடியும் ஏறிவிடும்.

நான்கு ஆண்டுகள் கழித்து, சென்னையில் அறைத்தோழன் ஒருவனின் கிடாரைச் சும்மா எடுத்து மடியில் வைத்தேன். மறந்துபோயிருந்த விரல்கள் தட்டுத்தடுமாறி எஃப் பிடித்தன. ஆறு கம்பியும் ஒலித்தன. அடுத்த முறை ஊருக்குப் போனபோது என் கிடாரை இறக்கி, பழுதுபார்க்கிற ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளைத்தான் ஃப்ரெட் என்பார்கள்; பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே 5 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி. "இதுல யார் வாசிச்சாலும் வராது தம்பி" என்றார். எனக்குத்தான் கை வராது என்று அத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தேன்.

"எந்த பிராண்ட் வாங்கலாம்?" என்று யாராவது கேட்டால் எனக்கு இப்போதும் அந்த 5 மில்லிமீட்டர்தான் ஞாபகம் வரும். பிராண்ட் மூன்றாவது கேள்வி. என்ன பாட்டு வாசிக்க ஆசை என்பது முதல் கேள்வி. கையில் எடுக்கும் கிடாரில் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் பிராண்ட் தானாகவே இரண்டு மூன்று பெயர்களுக்குள் வந்து நின்றுவிடும்.

சமீபத்தில் ஒரே மாதத்தில் இரண்டு பேர் என்னிடம் இதைக் கேட்டார்கள். ஒருத்தி அக்கா மகள், ஒன்பதாம் வகுப்பு. சினிமாப் பாட்டைப் பாடிக்கொண்டே வாசிக்க வேண்டுமாம். இன்னொருவர் அலுவலக நண்பர், நாற்பதைத் தாண்டியவர். சின்ன வயதில் பத்து ஆண்டுகள் கர்நாடக சங்கீதம் பாடக் கற்றவர். மோகனத்தையும் கல்யாணியையும் கிடாரில் கேட்க ஆசை. அடுக்குமாடி வீடு, பகலெல்லாம் வேலை. இரவு பத்து மணிக்கு மேல்தான் நேரம். இருவருக்கும் ஒரே கிடாரைச் சொல்ல முடியாது என்பது பேச ஆரம்பித்த ஐந்தாவது நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது.

மூன்று கிடார், மூன்று கம்பி

கடையில் நூறு கிடார் தொங்கினாலும் முதல் முறை வாங்குபவர் தேர்ந்தெடுக்க வேண்டியது மூன்றில் ஒன்று: நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல், ஸ்டீல் கம்பி போட்ட அகூஸ்டிக், எலெக்ட்ரிக். தூரத்திலிருந்து பார்த்தால் முதல் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கையில் எடுத்தால் இரண்டும் வேறு வேறு கருவிகள்.

கிளாசிக்கல் கிடாருக்கு இன்றைய உருவத்தைத் தந்தவர் 19ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த அன்டோனியோ டி டோரஸ். அவர் காலத்தில் அதற்கு விலங்கின் குடலை முறுக்கிச் செய்த கம்பிதான். நாமும் யாழுக்கு 'நரம்பு' என்றுதான் சொன்னோம். நரம்புக்கருவி என்ற சொல் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. நைலான் வந்தது இரண்டாம் உலகப்போரை ஒட்டித்தான். அமெரிக்காவில் மார்ட்டின் நிறுவனம் 1920களில் ஸ்டீல் கம்பிக்கு மாறியது. சத்தம் பெரிதானது, கூடவே இழுவிசையும் ஏறியது.

அந்த இழுவிசைதான் விரலுக்குத் தெரியும். ஸ்டீல் அகூஸ்டிக்கில் வழக்கமாகப் போடும் 12 கேஜ் (கேஜ் என்பது கம்பியின் தடிமன்) செட்டைச் சுருதி சேர்த்தால் ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 73 கிலோ விசையோடு இழுக்கின்றன. நன்றாக வளர்ந்த ஓர் ஆள், உடம்பில் கம்பிகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜைப் பிடித்துத் தொங்குவது மாதிரி. நைலான் செட்டில் அது ஏறக்குறைய 40 கிலோ. எலெக்ட்ரிக்கில் 9 கேஜ் போட்டால் அதற்கும் சற்றுக் கீழே. இந்த எண்களை மட்டும் வைத்து முடிவெடுத்தால் ஸ்டீல் அகூஸ்டிக் பக்கம் யாரும் போகக் கூடாது. ஆனால் தமிழ்நாட்டில் கிடார் கற்கும் பத்துப் பேரில் எட்டுப் பேர் மடியில் அதுதான் இருக்கிறது என்பது என் அனுமானம். காரணம், நாம் வாசிக்க ஆசைப்படும் பாட்டுகள்.

நைலான்: விரலுக்கு மெத்தை, கழுத்து அகலம்

நைலான் கம்பி தடிமனாகவும் மிருதுவாகவும் இருக்கும். முதல் வாரத்திலேயே அரை மணி நேரம் தொடர்ந்து பழகலாம். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இன்னொரு வசதி, நைலான் துருப்பிடிக்காது. மெட்டை ஒவ்வொரு கம்பியாக விரலால் மீட்டி வாசிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. ட்ரினிட்டி காலேஜ் லண்டனின் கிளாசிக்கல் கிடார் கிரேடு எழுதப் போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், இதுதான். இளையராஜாவும் கிளாசிக்கல் கிடாரை முறையாகப் படித்து ட்ரினிட்டி தேர்வு எழுதியவர்தான்.

சிக்கல் கழுத்தில் இருக்கிறது. கிளாசிக்கல் கிடாரின் கழுத்து தொடக்கத்தில் சுமார் 52 மி.மீ. அகலம். ஸ்டீல் அகூஸ்டிக்கில் 43 மி.மீ. ஒன்பது மில்லிமீட்டர் என்பது காகிதத்தில் ஒன்றுமில்லை. சின்னக் கை உள்ளவர் கட்டைவிரலைப் பின்னால் வைத்து எஃப் பிடித்துப் பார்த்தால் புரியும். விரலுக்கு வலி குறைவு, மணிக்கட்டுக்கு வேலை அதிகம். இன்னொன்று, பிக் என்ற சின்னத் தகட்டை வைத்து வேகமாக ஸ்ட்ரம்மிங் செய்தால், அதாவது எல்லாக் கம்பிகளையும் சேர்த்து வருடினால், நைலான் ஒலி குழைந்துபோகும். நண்பர்கள் வட்டமாக உட்கார்ந்து பாடும்போது ஸ்டீலில் வரும் அந்தச் 'சளங்' என்ற மின்னல் இதில் வராது.

அக்கா மகளுக்கு நைலானைச் சொல்லாததற்கு இதுதான் காரணம். அவள் ஆசைப்பட்டது ஸ்ட்ரம்மிங்.

எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள் என்றால் மறுபேச்சில்லாமல் நைலான்தான், அதிலும் முக்கால் அளவு. யமஹாவில் சிஜிஎஸ்103ஏ என்று ஒரு முக்கால் அளவுக் கிடார் உண்டு; அதைவிடச் சிறிய பிள்ளைக்கு அரை அளவில் சிஜிஎஸ்102ஏ. பெரியவர்களுக்கு சி40. 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று பள்ளிச் சீருடை எடுக்கிற மாதிரி பெரிய கிடார் வாங்கிக் கொடுக்காதீர்கள். வளர்வதற்குள் விட்டுவிடுவார்கள்.

ஓர் எச்சரிக்கை. 'சத்தம் பத்தவில்லை' என்று நைலான் கிடாரில் ஸ்டீல் கம்பி மாட்டிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். 40 கிலோவுக்குச் செய்த உடம்பில் 73 கிலோவை ஏற்றினால், சில மாதத்தில் முன்பலகை வயிறு மாதிரி உப்பும். இல்லையென்றால் ஒரு நள்ளிரவில் பிரிட்ஜ் பெயர்ந்து 'படார்' என்று வெடிக்கும்.

ஸ்டீல்: நாம் கேட்டு வளர்ந்த ஒலி

பாடிக்கொண்டே வாசிக்க, மொட்டை மாடியில் நான்கு பேரோடு உட்கார, கல்லூரி விழாவில் மேடையேற ஸ்டீல் அகூஸ்டிக்தான் பொருத்தம். யூடியூபில் தமிழ்ப் பாட்டுகளுக்கான கார்டு பாடங்களைத் தேடினாலும் பெரும்பாலும் இதை வைத்துத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

முதல் மூன்று நான்கு வாரம் விரல் வலிக்கும். இதைத் தவிர்க்க முடியாது, குறைக்க முடியும். 12 கேஜைக் கழற்றிவிட்டு 10 கேஜ் செட் மாட்டச் சொல்லுங்கள். இழுவிசை 60 கிலோ பக்கம் இறங்கிவிடும். சத்தம் கொஞ்சம் மெலியும். தொடக்கத்தில் நம் வாசிப்பு சத்தமாகக் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. விரல் காய்த்த பிறகு 11, 12 என்று ஏறிக்கொள்ளலாம். தடாரியோவின் இஇசட்900 மாதிரியான 10 கேஜ் செட்டெல்லாம் இங்கே எளிதாகவே கிடைக்கும்.

அடுத்தது உடம்பின் அளவு. கடையில் 'ஃபுல் சைஸ்' என்று எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் ட்ரெட்நாட் வடிவம். 1906இல் வந்த பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயரைத்தான் மார்ட்டின் நிறுவனம் 1916இல் தான் செய்த பெரிய கிடாருக்கு வைத்தது. பெயருக்கேற்ற உடம்பு: அகலம், ஆழம், அடிவயிற்றிலிருந்து வரும் ஒலி. ஐந்தரை அடிக்குக் குறைவானவர்கள் அதை மடியில் வைத்தால் வலது தோள் காதை நோக்கி ஏறும். அரை மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். 'கான்சர்ட்' என்று சொல்லும் இடுப்பு ஒடுங்கிய சிறிய வடிவம் அவர்களுக்கு வசதி. பாட்டுக்குத் துணையாக வாசிக்கும்போது குரலையும் அது அமுக்காது. யமஹாவில் எஃப்280, எஃப்310 இரண்டும் ட்ரெட்நாட் வடிவம். எஃப்எஸ்80சி சிறிய உடம்பு. மூன்றுமே லேமினேட் பலகை, அதாவது மெல்லிய தகடுகளை ஒட்டிச் செய்த முன்பலகை. எஃப்ஜி800க்குப் போனால் முன்பலகை ஒரே ஸ்ப்ரூஸ் மரத்துண்டு. ஒலியில் வித்தியாசம் கேட்கும், விலையிலும் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

'ஒரே மரம்தான் நல்லது, லேமினேட் வாங்காதே' என்று வாசிக்கத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அவர்கள் காதுக்கு அது சரி. முதல் ஆண்டில் நமக்கு அந்த வித்தியாசம் கேட்காது. அதோடு சென்னைக் காற்றின் ஈரத்துக்கு லேமினேட் கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தாக்குப்பிடிக்கும். ஒட்டிய தகடுகளின் இழை ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடுவதால் மரம் சட்டென்று உப்புவதில்லை. கட்டிலடியிலும் பைக்கின் பின்சீட்டிலும் வாழப்போகிற முதல் கிடாருக்கு இது தகுதிக் குறைவு இல்லை, தகுதி.

'செமி அகூஸ்டிக்' பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர்க் கடைகளில் அகூஸ்டிக் கிடாரில் கம்பியின் ஒலியை ஒலிபெருக்கிக்கு அனுப்பும் பிக்கப்பும், பக்கவாட்டில் நான்கு குமிழ்களும் வைத்ததைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். 'ஆயிரத்தைந்நூறுதான் சார் கூட' என்பார்கள். பத்தாயிரத்துக்குள் வாங்கும்போது அந்த ஆயிரத்தைந்நூறு எங்கிருந்தோ எடுக்கப்பட்டிருக்கும், பெரும்பாலும் மரத்திலிருந்து. முதல் ஆண்டு மேடை ஏறப் போவதில்லை என்றால் வேண்டாம்.

எலெக்ட்ரிக்: பயப்படத் தேவையில்லை

"முதலில் அகூஸ்டிக் கற்றுக்கொள், அப்புறம் எலெக்ட்ரிக்" என்பது நம் கிடார் உலகின் பாட்டி வைத்தியம். இரு சக்கர வாகனம் ஓட்டுவதற்கு முன் மாட்டுவண்டி ஓட்டச் சொல்வது மாதிரி. எலெக்ட்ரிக்கில் கம்பி மெல்லியது, கழுத்து ஒடுங்கியது, கம்பியின் உயரத்தை 2 மி.மீ.க்கும் கீழே இறக்கலாம். அதுவும் நாமே ஒரு சின்ன ஆலன் சாவியால் இறக்கிக்கொள்ளலாம். அகூஸ்டிக்கில் மூன்று மாதம் போராடும் எஃப் கார்டு இதில் மூன்று வாரத்தில் வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

நண்பருக்கு எலெக்ட்ரிக்கைச் சொன்னதற்குக் காரணம் கமகம். அகூஸ்டிக் ஸ்டீல் செட்டில் மூன்றாவது கம்பி, அதாவது ஜி, மேலே வெண்கலம் சுற்றிய கம்பி. அதைப் பக்கவாட்டில் இழுத்து ஸ்வரத்தை வளைப்பது பெரும்பாடு. எலெக்ட்ரிக் செட்டில் அதே ஜி வெறும் மெல்லிய ஸ்டீல். இழுத்த இழுப்புக்கு வரும். காந்தாரத்தை அசைக்க, நிஷாதத்தை மேல் ஷட்ஜம் வரை தொட்டுவிட்டு வர, ஜாருவாக வழுக்கிப் போக என்று எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. கிடாரில் ஃப்ரெட் இருப்பதால் கர்நாடக இசை வராது என்று யாராவது சொன்னால், கிடார் கலைஞர் பிரசன்னாவின் கச்சேரி ஒன்றைக் கேட்கச் சொல்லுங்கள். அவர் வர்ணமும் கிருதியும் வாசிப்பது எலெக்ட்ரிக்கில்தான். அவருக்கு முன்னோடியாக சுகுமார் பிரசாத் இருந்தார். வீணையிலும் மெட்டு என்ற பெயரில் ஃப்ரெட் இருக்கத்தானே செய்கிறது.

இரவு பத்து மணிப் பிரச்சினைக்கும் இதில் தீர்வு இருக்கிறது. ஆம்ப் (ஒலிபெருக்கி) போடாமல் வாசித்தால் அடுத்த அறைக்குக்கூடக் கேட்காது. ஹெட்ஃபோன் மாட்டினால் நமக்கு மட்டும் மேடைக் கச்சேரி. வோக்ஸ் ஆம்ப்ளக் மாதிரி கிடாரிலேயே செருகும் குட்டிக் கருவிகள் இதற்கென்றே இருக்கின்றன.

ஆனால் செலவு. கிடாரோடு கதை முடியாது; ஆம்ப் அல்லது ஹெட்ஃபோன் கருவி, கேபிள், ஸ்ட்ராப் எல்லாம் சேரும். யமஹா பசிஃபிகா012, ஸ்குவையர் சோனிக் வரிசை மாதிரி கிடார்கள் 15,000இலிருந்து 20,000 ரூபாய் வரை ஆகும் என்றால், மற்றவற்றுக்கு இன்னும் 5,000 எடுத்துவைக்க வேண்டும். கரண்ட் போனால் பாட்டும் போய்விடும். கடற்கரைக்கோ கல்யாண வீட்டுக்கோ தூக்கிக்கொண்டு போய்ச் சும்மா வாசிக்கவும் முடியாது. பிரிட்ஜ் அசையாமல் நிற்கும் மாடலாகப் பாருங்கள். ஃப்ளாய்ட் ரோஸ் என்று சொல்லி ஸ்பிரிங்கில் மிதக்கும் பிரிட்ஜ் காட்டினால், அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகருங்கள். அதில் ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி ஏறிவிடும்.

பர்ஸில் உள்ள அட்டைகள்

விலையைப் பொறுத்தவரை என் கணக்கு எளிது. இதை எழுதும்போது அகூஸ்டிக்கில் 8,000இலிருந்து 12,000 ரூபாய்தான் சரியான இடம். அதற்குள் நைலானும் கிடைக்கும், ஸ்டீலும் கிடைக்கும். 4,000க்குக் கீழே இணையத்தில் 38 இஞ்ச் என்று பை, பிக், கம்பி எல்லாம் சேர்த்து வருகிற கிடார்களில் அபூர்வமாக ஒன்று நன்றாக அமையும். உங்களுக்கு அந்த ஒன்று வருமா என்பது சீட்டுக்குலுக்கல். 20,000க்கு மேல் முதல் கிடாருக்குக் கொடுப்பது, விடமாட்டோம் என்று நிச்சயமாகத் தெரிந்தவர்களுக்கு.

எந்த விலையில் வாங்கினாலும் 1,000 ரூபாயைத் தனியே வையுங்கள், செட்டப்புக்கு. பெட்டியிலிருந்து எடுத்ததும் கம்பி உயரம் சரியாக இருக்கிற கிடார் அந்த விலையில் குறைவு. தொழிற்சாலையில் கம்பி ஃப்ரெட்டில் உரசக் கூடாது என்று கொஞ்சம் தூக்கியே வைத்து அனுப்புகிறார்கள். ஒன்பதாயிரம் ரூபாய்க் கிடாரும் நல்ல செட்டப்பும், செட்டப் இல்லாத பதினைந்தாயிரத்தைத் தோற்கடிக்கும். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அளக்க ஸ்கேல் வேண்டாம், பர்ஸ் போதும். ஏடிஎம் அட்டை ஒன்றின் தடிமன் 0.76 மி.மீ. எண்கள் புடைத்திராத அட்டைகளாக எடுத்துக்கொண்டு, பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல், தடித்த ஆறாவது கம்பிக்கு அடியில் அடுக்கிச் செருகிப் பாருங்கள். ஸ்டீல் அகூஸ்டிக்கில் மூன்று அட்டை லேசாக நுழைந்து, நான்காவது கம்பியைத் தூக்கினால் நல்ல உயரம். நான்கும் தாராளமாக நுழைந்தால் செட்டப் செய்யச் சொல்ல வேண்டும். ஐந்து நுழைந்தால் அடுத்த கிடாரைக் காட்டச் சொல்லுங்கள். நைலானில் ஐந்து அட்டை இயல்பு. அங்கே கம்பி அதிகம் அதிரும், இடம் வேண்டும். எலெக்ட்ரிக்கில் இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று. என் முதல் கிடாரில் ஆறு அட்டையாவது போயிருக்கும்.

இன்னும் மூன்று சோதனைகள். ஒவ்வொரு கம்பியையும் மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டைப் பாருங்கள். கம்பிக்கும் அதற்கும் நடுவே ஒரு தாள் நுழையும் அளவுதான் இடைவெளி இருக்க வேண்டும். அதிகம் என்றால், கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் நட் உயரம். அந்தக் கிடாரில் எஃப் கார்டு பிசாசாகத்தான் இருக்கும். அடுத்து, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பியை லேசாகத் தொட்டு மீட்டி வரும் ஒலியையும், அதே இடத்தில் அழுத்தி மீட்டும் ஒலியையும் ட்யூனரில் பாருங்கள். இரண்டும் ஒரே ஸ்வரமாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் நீங்கள் எவ்வளவு சுருதி சேர்த்தாலும் கழுத்தின் மேல்பகுதியில் அபஸ்வரம்தான். கடைசியாக, ஆறு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தி மீட்டிக்கொண்டே போங்கள். எங்காவது 'ஸ்ஸ்' என்று இரைந்தால் கடைக்காரரிடம் காட்டுங்கள். பத்து நிமிட வேலை. வாசிக்கத் தெரியவில்லையே என்று கூச்சப்பட வேண்டாம். புடவைக் கடையில் நாற்பது புடவை பிரித்துப் பார்ப்பவர்கள் யாரும் நெசவு தெரிந்துகொண்டு போவதில்லை.

இதனால்தான் இணையத்தைவிடக் கடை என்கிறேன். இணையத்தில் ஐந்நூறு, ஆயிரம் குறையலாம். ஆனால் ஒரே மாடலில் மூன்றை வரிசையாக வைத்து அட்டை செருகிப் பார்க்க முடியாது. சென்னையில் அண்ணா சாலையில் 1842இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் இன்னும் இருக்கிறது. கோவை, மதுரை, திருச்சியிலும் இசைக்கருவிக் கடைகளுக்குக் குறைவில்லை. ஊரில் கடையே இல்லை, இணையம்தான் வழி என்றால், தெரிந்த நிறுவனத்தின் தெரிந்த மாடலை வாங்கி, வந்த அன்றே சோதித்து, தேறாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கவும். கிவ்சன் என்பது கொல்கத்தாக் கம்பெனி, கிப்சன் அமெரிக்கக் கம்பெனி. போன தலைமுறையில் பலர் முதல் கிடாராக வாங்கியது முன்னதை, வாங்கியதாக நண்பர்களிடம் சொல்லிக்கொண்டது பின்னதை.

பழைய கிடார்? தாராளமாக. என்னுடையது மாதிரி பரணில் தூங்குகிற கிடார்கள் தெருவுக்கு இரண்டு இருக்கும். பாதி விலைக்குக் கிடைக்கும். பார்க்க வேண்டியது பிரிட்ஜின் பின்புறம்: அங்கே தாள் நுழைந்தால் பசை விட்டிருக்கிறது, வேண்டாம். கழுத்து உடம்போடு சேரும் இடத்திலும், தலை கழுத்தோடு சேரும் இடத்திலும் மயிரிழை விரிசல் இருந்தாலும் வேண்டாம். கம்பி துருப்பிடித்திருந்தால் பேரம் பேச அதுவே நல்ல காரணம். புதுச் செட் சில நூறு ரூபாய்தான். இடக்கைக்காரர்களுக்கு மட்டும் தேடல் அதிகம். வலக்கைக் கிடாரில் கம்பியைத் தலைகீழாக மாற்றினால் போதும் என்பார்கள். நட்டின் பள்ளங்களும், பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் சாடிலின் சாய்வும் அதற்கு ஒத்துவராது.

வாங்கியபின் வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடாரை விட்டுவிடாதீர்கள். கதவடைத்த காரின் சூட்டில் பசை இளகி பிரிட்ஜ் கிளம்பிவிடும். வாசித்து முடித்ததும் கம்பியைப் பழைய பருத்தித் துணியால் துடைத்து வையுங்கள். உப்புக்காற்றும் வியர்வையும் சேர்ந்தால் மெல்லிய இரண்டு கம்பிகளும் சில வாரத்திலேயே கருக்கும்.

அக்கா மகளோடு கடைக்குப் போனோம். முதலில் அவள் கண் போனது ஒரு நீல நிறக் கிடாருக்குத்தான். எனக்கு என் மஞ்சள் சிவப்பு ஞாபகம் வந்தது, ஒன்றும் சொல்லவில்லை. மடியில் வைத்தாள், அட்டை செருகினோம், ஐந்து போனது. "வேற பாக்கலாம் மாமா" என்று அவளே வைத்துவிட்டாள். கடைசியில் சிறிய உடம்பு ஸ்டீல் ஒன்று. நான்கு அட்டை. கடையிலிருந்த செட்டப் பையன் கம்பியைத் தளர்த்தி, சாடிலை உருவி, அதன் அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்தான். சாடிலில் 1 மி.மீ. போனால் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அரை மில்லிமீட்டர் இறங்கும் என்று அவளுக்குக் கணக்கும் சொன்னான். 10 கேஜ் மாட்டினான். நாங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் மூன்று அட்டை. பையும் ட்யூனரும், கழுத்தில் மாட்டிச் சுருதியை ஏற்றும் கேபோவும் பேரத்தில் சேர்ந்தன, பிக் மட்டும் இனாம். மொத்தம் 11,000க்குள்.

நண்பர் பழைய எலெக்ட்ரிக் ஒன்றை வாங்கி, ஹெட்ஃபோனில் தினமும் மோகனம் வாசிக்கிறார். அவர் மனைவிக்கு அவர் கற்கிறாரா இல்லையா என்றே தெரியவில்லையாம்.

மூன்று வாரம் கழித்து அக்கா போன் செய்தாள். "டேய், விடிஞ்சதுலேர்ந்து அதே மூணு கார்டு. அந்த ஹெட்ஃபோன் மாட்டுற கிடாரையே வாங்கிக் குடுத்திருக்கலாம்ல?"